சர்வருக்கு பேட்ச் போடுவது எப்படி? கடற்கரைக் கம்பெனிகளுக்கு ஓர் எளிய விளக்கம்

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனி, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ், கீழக்கரையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மூன்றிலும் ஏதோ ஒரு மூலையில் சர்வர் என்று ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். டேலி அதில்தான் இருக்கும். ரூம் புக்கிங், லாட் நம்பர் வாரியான மீன் கணக்கு, கோல்டு ஸ்டோரேஜின் வெப்பநிலைப் பதிவு என்று தொழிலின் கணக்கு முழுக்க அதற்குள் இருக்கும். அதற்கு பேட்ச் போட வேண்டும் என்றால், "நல்லா ஓடுறதை எதுக்குத் தொடணும்?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்குப் போக வேண்டும்.

பேட்ச் உள்ளே என்ன செய்கிறது?

விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் பல ஆயிரம் ஃபைல்களின் தொகுப்புதான். அதில் ஏதோ ஒரு ஃபைலில் ஒரு ஓட்டை இருப்பது வெளியான பிறகு தெரியவரும். தயாரித்த நிறுவனம் அந்த ஃபைலைத் திருத்தி எழுதி வெளியிடும். திருத்திய ஃபைல்களின் மூட்டைதான் பேட்ச். அதைப் போடுவது என்றால் பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது.

சிக்கல் என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை விண்டோஸ் மாற்ற விடாது. அதனால் புதியதை ஓரமாக வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது மாற்றுகிறது. லினக்ஸ் ஓடும்போதே ஃபைலை மாற்றிவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடும் புரோகிராம் மெமரியில் இருக்கும் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். "இன்ஸ்டால் ஆகிவிட்டது" என்று திரையில் வந்தாலும், ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை திறந்தே இருக்கிறது. பேட்ச் இறங்கிய பிறகு இரண்டு மாதமாக "ரீஸ்டார்ட் தேவை" என்ற அறிவிப்போடு நிற்கும் சர்வர்கள் ஏராளம். அவற்றுக்கு பேட்ச் போட்டதாகக் கணக்கு வைக்க முடியாது.

விண்டோஸில் மாதாந்திர பேட்ச்கள் திரட்டாக வருகின்றன. இந்த மாதத்து மூட்டையில் முந்தைய மாதங்களுடையதும் சேர்ந்திருக்கும். ஆறு மாதம் விட்டுவிட்ட சர்வருக்கு ஆறு தடவை போட வேண்டியதில்லை. கடைசியாக வந்ததைப் போட்டால் போதும். மாதக் கடைசியில் "பிரிவியூ" என்ற பெயரில் வருபவற்றை சர்வரில் போடாதீர்கள். அடுத்த மாதத்து மூட்டைக்கான வெள்ளோட்டம் அது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

பேட்ச் வெளியாகும் நாள் திருடர்களுக்கும் ஒரு நல்ல நாள். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அதாவது மருந்து வெளிவந்த அன்றே நோயின் முகவரியும் வெளிவந்துவிடுகிறது. இன்னும் பேட்ச் போடாதவர்களைத் தேடும் வேலை அன்றிலிருந்து தொடங்குகிறது.

2017-ல் வானாக்ரை என்ற பணயத் தாக்குதல், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல், நடந்தது. அது நுழைந்த வழி விண்டோஸில் ஃபைல் ஷேரிங்கைக் கவனிக்கும் பகுதி. அந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12-ம் தேதி. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்களின் கம்ப்யூட்டர்கள்தான் பெருமளவில் பூட்டப்பட்டன.

"நம்ம ஊர் கடையை எவன் தேடி வரப் போறான்?" என்று நினைக்க வேண்டாம். தேடுவது ஆள் இல்லை, புரோகிராம். அது ஊர் பார்ப்பதில்லை, ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முதலாளி துபாயிலோ சென்னையிலோ இருப்பார். கணக்குப் பார்ப்பதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட்டை (நுழைவாயிலை) நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பார்கள். 2019 மே மாதம் அந்த ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே கடவுச்சொல் இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளியானது. ஆதரவு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காக பேட்ச் கொடுத்தது. அவ்வளவு ஆபத்தானது. உங்கள் ரவுட்டரில் அந்தப் போர்ட் திறந்திருந்தால் முதலில் அதை மூடி, விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக வரச் செய்யுங்கள். அதற்குப் பிறகு பேட்சைப் பற்றிப் பேசலாம்.

அன்றைக்கே போட்டால்?

அதிலும் ஆபத்து இருக்கிறது. முதலாளியின் பயம் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

2022 ஜனவரி 11-ம் தேதி வந்த விண்டோஸ் சர்வர் பேட்ச்களால் சில இடங்களில் டொமைன் கன்ட்ரோலர்கள் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்கள்) தாமாகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. சில சர்வர்களில், ஒரே பெட்டிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி கிளம்பவே இல்லை. 17-ம் தேதி திருத்தம் வந்தது. ஆறு நாள் பொறுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதைவிட நம் மீன் கம்பெனிகளுக்கு நெருக்கமான உதாரணம் 2021 ஜூலையில் நடந்தது. பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' பகுதியில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அவசரமாக பேட்ச் வந்தது. அதைப் போட்டதும் சில ரசீது பிரிண்டர்களும் லேபிள் பிரிண்டர்களும், குறிப்பாக யுஎஸ்பியில் இணைத்தவை, அச்சடிக்க மறுத்தன. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியில் லாட் நம்பர், தேதி, எடை அச்சிட்ட லேபிள் ஒட்டாமல் கன்டெய்னரில் ஏற்ற முடியாது. மற்ற எல்லாம் ஓடியிருந்தாலும் லேபிள் பிரிண்டர் நின்றால் அந்தக் கம்பெனியில் வேலை நின்றது என்றே பொருள். உங்கள் இடத்தில் எது நின்றால் எல்லாம் நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது பேட்ச் வேலையில் பாதி.

ஆக, அன்றே போடுவதும் தவறு, மாதக்கணக்கில் விடுவதும் தவறு. சாதாரண மாதத்தில் ஐந்து முதல் பத்து நாள் பொறுத்துப் போடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓட்டையை ஏற்கெனவே திருடர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்து, உங்கள் சர்வரும் இன்டர்நெட்டை நோக்கி இருந்தால், ஒன்றிரண்டு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். ஓட்டைகளுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். 9-க்கு மேல் போனால் மிகக் கடுமை. பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற பகுதியில் 2021 டிசம்பரில் வெளியான ஓட்டைக்குப் பத்துக்குப் பத்து. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். "தற்போது பயன்படுத்தப்படுகிறது" என்ற குறிப்புள்ள 7.8-தான் அந்தக் குறிப்பில்லாத 9.1-ஐவிட அவசரம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளைப் பார்த்து வாருங்கள்.

நாள் குறிப்பது

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச்களை வெளியிட்டு வருகிறது. நம் நேரப்படி இரவு 10.30 மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.30 மணி. இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-க்கும் 14-க்கும் இடையில்தான் வரும். அதற்கு அடுத்த ஞாயிறு 13-க்கும் 19-க்கும் இடையில் வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டும் கடைகளுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, 3பி கடைசி நாள் 20. இரண்டுக்கும் நடுவில் விழும் அந்த ஞாயிறு இரவு, கணக்கு வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கிடைக்கும் நல்ல இடைவெளி. ஞாயிறு 19-ம் தேதியாக விழும் மாதத்தில் மட்டும் ரிட்டர்னை முன்னாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

மற்றபடி உங்கள் தொழிலின் ஓட்டத்தைப் பாருங்கள். விசைப்படகு கரை திரும்பும் விடியலுக்கு முந்தைய இரவில் மீன் கம்பெனி சர்வரைத் தொடக் கூடாது. மூன்று மணிக்கு முடியும் என்று நினைத்தது ஆறு மணிக்கு முடிந்தால், ஏலம் எடுத்த சரக்கு எடை போடக் காத்து நிற்கும். ராமேஸ்வரம் லாட்ஜுகள் ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களைத் தள்ளிவிட வேண்டும். கீழக்கரையில் வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் இடைவெளியில் முடித்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுவதுண்டு. அந்த நேரம் போதாது. பேட்ச் போட ஒரு மணி, சோதிக்க அரை மணி, தவறினால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு மணி என்று மூன்றரை மணி ஆகும். குறைந்தது நான்கு மணி நேரம் கையில் வேண்டும்.

மின்சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின் நிறுத்தம் பகலில்தான் இருக்கும், இரவு வேலைக்கு அதனால் என்ன என்று தோன்றும். பகல் முழுக்க யுபிஎஸ்ஸில் ஓடியிருந்தால் இரவில் பேட்டரி முழுதாக ஏறியிருக்காது. பேட்ச் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனால் விண்டோஸ் மறுபடி எழாமல் போகலாம். மின் நிறுத்த நாளின் இரவைத் தவிர்த்துவிடுங்கள்.

போடுவதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்தெந்த சர்வீஸ்கள் எந்த வரிசையில் கிளம்ப வேண்டும், லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் யுஎஸ்பி சாவி) எங்கே செருகியிருக்கிறது, மென்பொருள் கொடுத்தவரின் போன் நம்பர் என்ன என்பதை எழுதிவையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு வேறிடத்தில் வைக்க வேண்டும். 2024 ஜூலை பேட்சுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆனதும் அந்த எண்ணைக் கேட்டு நின்றன. எண்ணை அந்த சர்வருக்குள்ளேயே ஒரு ஃபைலில் வைத்திருந்தால் பயனில்லை.

அடுத்து பேக்கப். எடுத்தோம் என்பது போதாது, திறந்து பார்க்க வேண்டும். டேலி டேட்டாவின் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி வவுச்சர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாதவர்களுக்கு பேக்கப் இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஆனால் அது அதே டிஸ்க்கில் இருப்பதால் பேக்கப்புக்கு மாற்றாகாது. இரண்டு மூன்று நாளில் அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிடும்.

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கட்டும். பேட்ச் தோல்வியடைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இடமின்மைதான். பேட்ச் மூட்டை சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் இருக்கும். தீவுக்குள் நெட் மெதுவாக இருந்தால் முந்தைய நாளே இறக்கி வையுங்கள். 'எஸ்கான்ஃபிக்' (sconfig) என்று கமாண்ட் திரையில் அடித்தால் ஒரு மெனு வரும். அதில் 5-ம் எண்ணில் அப்டேட் அமைப்பை 'டவுன்லோட் ஒன்லி' என்று மாற்றிவிட்டால், சர்வர் தானாக இறக்கிக்கொள்ளும், ஆனால் நீங்கள் சொல்லும்வரை போடாது. நெட் வேகமே இல்லாத இடத்தில், மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்தும் போடலாம்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஃபேன், கனெக்டர், மெமரி செருகும் இடம் எல்லாம் அரிக்கும். ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடிய பெட்டி, நிறுத்தி எழுப்பும்போதுதான் தன் நோயைக் காட்டும். அதனால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7-ம் எண் பிழை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. பேட்சை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

அந்த இரவில்

எல்லாரையும் வெளியேற்றி, டேலியையும் பில்லிங்கையும் மூடிய பிறகு, பேட்ச் போடும் முன்பே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ தலைவலியைக் குறைக்கும். இந்த ரீஸ்டார்ட்டில் ஏதாவது கிளம்பவில்லை என்றால், கோளாறு ஏற்கெனவே இருந்தது, பேட்ச் காரணம் இல்லை என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் போட்டால், பழைய கோளாறுக்கும் பேட்சைக் குற்றம் சொல்லி, அதை நீக்கிவிட்டு, பிறகும் சரியாகாமல் திண்டாட நேரும்.

இப்போது போடலாம். சதவீதம் 30-லோ 74-லோ நின்றுவிட்டதுபோல் இருக்கும். டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் வேலை நடக்கிறது. விண்டோஸ் சர்வர் 2016 இதில் பெயர்போன மந்தம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவதுதான் பேட்ச் இரவில் நடக்கும் மிக மோசமான தவறு. இரண்டு மணி நேரம் எந்த அசைவும் இல்லை, விளக்கும் அணைந்தே இருக்கிறது என்றால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

கோல்டு ஸ்டோரேஜின் வெப்பநிலை லாகர் இந்த சர்வரில் எழுதிக்கொண்டிருந்தால், ரீஸ்டார்ட் நேரத்தில் பதிவில் இடைவெளி விழும். கூலிங் நிற்காது, பதிவுதான் நிற்கும். ஆனால் மைனஸ் 18 டிகிரியில் இருந்ததற்கான சான்றைத் தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கையால் எழுதி, நேரமும் கையெழுத்தும் போட்டு வையுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால், நின்றாலும் பரவாயில்லை என்று நினைப்பதற்கு முதலில் போடுங்கள். டொமைன் கன்ட்ரோலர் இரண்டு இருந்தால் ஒரே இரவில் இரண்டையும் தொடாதீர்கள்.

எழுந்த பிறகு லாகின் திரை வந்துவிட்டது என்று கிளம்பிவிடக் கூடாது. டேட்டாபேஸை ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். அது மெதுவாகக் கிளம்பி, பில்லிங் மென்பொருள் அதற்கு முன் கிளம்பிவிட்டால், "டேட்டாபேஸ் இல்லை" என்று பிழை வரும். பில்லிங் சர்வீஸை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து டேலியைத் திறந்து பாருங்கள். ஒரு லேபிள், ஒரு பில் நிஜமாகவே அச்சிட்டுப் பாருங்கள். சர்வர் கடிகாரத்தையும் பாருங்கள். டொமைன் அமைப்பில் சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் நடக்காது. கடைசியாக, அன்றைய பேக்கப் மறுபடி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். போட்ட பேட்சின் அடையாள எண்ணான கேபி எண்ணை நோட்டில் எழுதுங்கள். நாளை ஏதாவது தகராறு என்றால் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.

தவறிப்போனால்

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால், அப்டேட் ஹிஸ்டரியில் போய் அந்த கேபி எண்ணை அன்இன்ஸ்டால் செய்யலாம். திறக்கவே இல்லை என்றால் ரெக்கவரி திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதில் 'குவாலிட்டி அப்டேட்' என்று போங்கள். இடம் மிச்சப்படுத்துவதாக நினைத்து பேட்ச் போட்ட இரவே பழைய ஃபைல்களைத் துப்புரவு செய்யாதீர்கள். திரும்பிப் போகும் வழி அந்தப் பழைய ஃபைல்களில்தான் இருக்கிறது. ஒரு மாதம் கழித்துச் செய்யலாம். நீக்கிவிட்டோம் என்பதோடு விட்டுவிடவும் கூடாது. நீக்கிய நிமிடத்திலிருந்து ஓட்டை திரும்பத் திறந்திருக்கிறது. அடுத்த திருத்தம் வந்ததும் போட்டாக வேண்டும்.

பேட்ச் போடாமல் விட்டு சர்வருக்குள் யாராவது நுழைந்துவிட்டால், 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டுவில் 'ஆப்ட் அப்டேட்' என்பது எதையும் போடாது, பட்டியலைத்தான் புதுப்பிக்கும். 'ஆப்ட் அப்கிரேட்' தான் போடும். நடுவில், "இந்த அமைப்பு ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதை வைக்கவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று பழையதையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முன்பு செய்த மாற்றம் அழிந்தால் வெப்சைட் நின்றுவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியிருந்தால் ரீஸ்டார்ட் கட்டாயம். பழைய கெர்னல்கள் பூட் பகுதியை நிரப்பிக்கொண்டே வரும், 'ஆட்டோரிமூவ்' போட்டு அவ்வப்போது நீக்குங்கள்.

பேட்சே வராத சர்வர்கள்

கிராக் செய்த விண்டோஸ் ஓடும் சர்வர்களில், ஆக்டிவேஷன் போய்விடுமோ என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் இருந்தும் பேட்ச் வராத சர்வர்களும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு ஆதரவு 2023 அக்டோபர் 10-ம் தேதியோடு முடிந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30. எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12.

இப்படிப் பதிப்பையே மாற்றும் வேலை ஓர் இரவில் முடியாது. புதிய சர்வரைப் பக்கத்தில் வைத்து, டேட்டாவை நகலெடுத்து, இரண்டு வாரமாவது இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் மாற வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் புதிய பதிப்பு டேட்டாவை மாற்றி எழுதிவிட்டால் பழைய பதிப்பில் அது திறக்காமல் போகலாம், அதனால் பழைய நகலைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மீன் கம்பெனிகளுக்கு இதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அதே நாட்களில் சர்வர் வேலையையும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வர் 2016 ஓட்டுகிறவர்களுக்கு, ஆதரவு முடிவதற்கு முன் கிடைக்கும் கடைசித் தடைக்காலம் 2026-ல் வருவதுதான். புதிய பெட்டியும் லைசென்ஸும் ஏப்ரலுக்குள் கையில் இருக்க வேண்டுமென்றால், விலைப்புள்ளியை ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள்.